அந்த பெல்ட் யாருக்குச் சொந்தம்? எம்எம்ஏ ப்ரொமோஷன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டை, நம் வீட்டு டிவியில் ஞாயிறு காலை இட்லி நேரத்துக்கு நேரலையாக ஓடும். எட்டு மூலை கொண்ட கம்பிவலைக் கூண்டு. உள்ளே இரண்டு பேர், கூடவே ஒரு நடுவர். இதை முதல் தடவை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது நிஜமா, இல்லை அந்தக் காலத்து டபிள்யூடபிள்யூஎஃப் மாதிரியா?"

கேட்பதில் தப்பே இல்லை. ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடி, அண்டர்டேக்கர் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வருவதை நம்பி, அப்புறம் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து நடப்பது என்று தெரிந்தபோது மனம் விட்டுப்போன தலைமுறை நாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யுஎஃப்சி போன்ற எம்எம்ஏ (பல சண்டைக் கலைகள் கலந்த விளையாட்டு) மேடைகளில் நடப்பது நிஜமான போட்டி. யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. குத்துச்சண்டை, தாய்லாந்தின் முவே தாய், மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு என்று எந்தக் கலையில் பழகியவரும் உள்ளே வரலாம். எதிராளியை நாக்அவுட் செய்யலாம். கழுத்தையோ கையையோ பூட்டுப் போட்டுப் பிடித்து, அவர் 'போதும்' என்று தட்டும்படி செய்யலாம். இரண்டும் நடக்காவிட்டால் மூன்று பேர் கொண்ட தீர்ப்புக் குழு புள்ளி போட்டு முடிவு சொல்லும். ஒரு ரவுண்டு ஐந்து நிமிடம். சாதாரணச் சண்டைக்கு மூன்று ரவுண்டு, சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டைக்கு ஐந்து.

ஆட்டம் அவ்வளவுதான். இரண்டு வாரம் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஆனால் பல வருடம் பார்த்தவர்களுக்கும் சரியாகப் பிடிபடாதது இதை நடத்தும் அமைப்பு. அதைத்தான் 'ப்ரொமோஷன்' என்கிறார்கள். நமக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் ஆபீசில் கிடைக்கும் பதவி உயர்வு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் படம் வெளியாவதற்கு முன் நடிகர்கள் ஊர் ஊராகப் போவது. இங்கே அது வேறு. சண்டைகளை ஏற்பாடு செய்து, அவற்றை விற்றுப் பிழைக்கும் கம்பெனிக்குத்தான் ப்ரொமோஷன் என்று பெயர்.

கம்பெனியா, சங்கமா?

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் ஐசிசி, நாட்டுக்கு ஒரு வாரியம். உலகக் கோப்பையில் எந்த அணி ஆடும் என்பதற்குத் தகுதிச் சுற்று, தரவரிசை என்று எழுதி வைத்த வழிகள் உண்டு. எந்த ஒரு தனியார் முதலாளியும் 'இந்த வருடம் இறுதிப் போட்டியில் இந்த இரண்டு அணிகள் மோதட்டும்' என்று சொல்ல முடியாது.

தொழில்முறை குத்துச்சண்டை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே சண்டையை ஏற்பாடு செய்பவர் ப்ரொமோட்டர். ஆனால் பெல்ட் அவருடையது அல்ல. டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று தனித்தனி அமைப்புகள் தரவரிசை போட்டு பெல்ட் கொடுக்கின்றன. ஒரு சாம்பியன் ப்ரொமோட்டரை மாற்றினாலும் பெல்ட் அவரோடேயே போகும். ப்ரொமோட்டர்கள் வீரர்களைச் சுரண்டிய கதைகள் ஏராளமாக இருந்ததால், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கா முகமது அலி பெயரில் ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஒரே ஆள் ப்ரொமோட்டராகவும் வீரரின் மேலாளராகவும் இருக்கக் கூடாது, வசூல் கணக்கில் சில விவரங்களை வீரருக்குக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அது குத்துச்சண்டைக்கு மட்டும்தான், எம்எம்ஏவுக்குப் பொருந்தாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எம்எம்ஏ ப்ரொமோஷனில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வீரர்களை ஒப்பந்தம் போட்டு எடுப்பது கம்பெனி. யாரோடு யார் மோதுவது, யாருக்கு எப்போது பெல்ட் வாய்ப்பு என்று முடிவு செய்வதும் கம்பெனி. பெல்ட்டும் கம்பெனியுடையது. அமெரிக்காவில் மாநில அரசுகளின் விளையாட்டு ஆணையங்கள் உரிமம் கொடுத்து, நடுவரையும் தீர்ப்பாளர்களையும் நியமிக்கின்றன. சண்டை நியாயமாக நடக்கிறதா என்பது அவர்கள் பொறுப்பு. சண்டையே நடக்குமா என்பது கம்பெனியின் கையில். 'உலக சாம்பியன்' என்று மேடையில் அறிவிக்கும்போது அதன் நேரடி அர்த்தம் 'இந்தக் கம்பெனியின் சாம்பியன்' என்பதுதான். யுஎஃப்சி சாம்பியனை உலகமே சாம்பியனாக ஏற்றுக்கொள்கிறது என்றால், மிகச் சிறந்த வீரர்களில் பெரும்பாலோர் அங்கே போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

அவர்கள் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? அதற்கு 1993-க்குப் போக வேண்டும்.

டென்வரில் ஓர் இரவு

பிரேசிலில் கிரேசி என்றொரு குடும்பம். ஜப்பானிய ஜூடோவிலிருந்து கிளைத்த ஜியு-ஜிட்சுவைத் தங்கள் பாணியில் வளர்த்தெடுத்தவர்கள். தங்கள் கலைதான் மேல் என்று காட்ட எவரையும் சவாலுக்கு அழைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் குடும்பத்தின் ரோரியன் கிரேசி அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிஃபோர்னியாவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். விளம்பரத் துறையில் இருந்த ஆர்ட் டேவி அவரோடு சேர்ந்தார். எட்டு கலைகளில் பழகிய எட்டு பேரை ஒரே இரவில் மோதவிட்டு, எந்தக் கலை ஜெயிக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். எஸ்இஜி என்ற தொலைக்காட்சி நிறுவனம் பணம் போட்டது.

1993 நவம்பர் 12, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம். எடைப்பிரிவு கிடையாது. புள்ளி போடும் தீர்ப்பாளர்கள் கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. ஏறக்குறைய அவ்வளவுதான் விதி. முதல் சண்டையில் டெய்லா டுலி என்ற மாபெரும் சுமோ வீரர், நெதர்லாந்தின் ஜெரார்ட் கோர்டோவிடம் முகத்தில் உதை வாங்கினார். பல் தெறித்தது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். அத்தனை குழப்பத்துக்கு நடுவில் ரோரியனின் தம்பி ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ எடையுள்ள ஒல்லியான மனிதர், வெள்ளை உடுப்போடு வந்து மூன்று பேரை அடுத்தடுத்துத் தட்டவைத்துத் தோற்கடித்தார். மூன்று சண்டைக்கும் சேர்த்து அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

இந்த விளையாட்டின் மேல் எனக்கு மதிப்பு வந்ததே அந்த மூன்று சண்டைகளின் பதிவைப் பார்த்த பிறகுதான். உடம்பு பெரிதாக இருப்பவன்தான் ஜெயிப்பான் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்ததை, ஒருவர் சத்தமே போடாமல் தரையில் படுத்துக்கொண்டு உடைத்துப் போட்டார்.

இதை மக்கள் பே-பர்-வியூ முறையில் பார்த்தார்கள். டிடிஎச்சில் ஒரு புதுப்படத்துக்குத் தனியாகக் காசு கட்டுவோமே, அதே வழிதான். ஏறத்தாழ 86,000 வீடுகள் பணம் கட்டின. முதல் நிகழ்ச்சிக்கு அது நல்ல எண்ணிக்கை. ஒரே இரவோடு முடிந்திருக்க வேண்டியது தொடர் நிகழ்ச்சி ஆனது. பெயர் அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப், சுருக்கமாக யுஎஃப்சி.

விதி இல்லை என்று விற்றவர்கள் விதியைத் தேடியது

எஸ்இஜி இதை 'விதிகளே கிடையாது' என்று விளம்பரம் செய்து விற்றது. ஆர்வத்தைத் தூண்ட அது உதவியது. பின்னால் கழுத்தை இறுக்கியதும் அதே விளம்பரம்தான்.

விதிகள் ஒவ்வொன்றும் எப்படி வந்தன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1994 டிசம்பரில் நான்காவது நிகழ்ச்சி. இறுதிச் சண்டையில் டான் செவர்ன் என்ற பெரிய மல்யுத்த வீரர் ராய்ஸ் கிரேசியின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தார். நேரக் கட்டுப்பாடு இல்லாததால் சண்டை நீண்டுகொண்டே போனது. தொலைக்காட்சிக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்து, பல வீடுகளில் ஒளிபரப்பு அறுந்துவிட்டது. கிரேசி கீழே படுத்தபடியே கால்களால் முக்கோணப் பூட்டுப் போட்டு ஜெயித்ததைக் காசு கட்டியவர்களில் பலரால் பார்க்க முடியவில்லை. அடுத்த நிகழ்ச்சியிலேயே நேர வரம்பு வந்துவிட்டது. 1997-இல் எடைப்பிரிவும் கட்டாயக் கையுறையும் வந்தன.

அதற்குள் அரசியல் சூடேறியிருந்தது. அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை என்று சாடி, மாநில ஆளுநர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். 36 மாநிலங்கள் தடைச் சட்டம் போட்டன. 1997 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு எல்லாம் தயார். கூண்டு வந்தாயிற்று, வீரர்களும் வந்தாயிற்று. கடைசி நேரத்தில் மாநில ஆணையம் நிறைவேற்றவே முடியாத நிபந்தனைகளைப் போட்டது. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் வீரர்கள், கூண்டு, கேமரா என்று மொத்தத்தையும் தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு அலபாமாவின் டோதன் என்ற சிறு நகரத்துக்குப் பறந்து, மறுநாள் அங்கே நடத்தி முடித்தார்கள். அதே வருடம் பெரிய கேபிள் நிறுவனங்கள் யுஎஃப்சியை ஒளிபரப்ப மறுத்தன. வருமானத்தின் வேரே அறுந்தது மாதிரிதான்.

இந்த இடத்தில் பலர் கதையைத் தப்பாகச் சொல்வார்கள். தடை போட்டவர்களை வில்லன் ஆக்குவார்கள். என் பார்வையில் அந்த நெருக்கடிதான் இந்த விளையாட்டைக் காப்பாற்றியது. பிழைக்க வேண்டுமானால் அரசு ஆணையங்கள் கையெழுத்துப் போடும்படி விதி இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் ஆணையம் முன்னின்று பொது விதித்தொகுப்பை உருவாக்கியது. தலையால் முட்டக் கூடாது. பின்மண்டையில் அடிக்கக் கூடாது. கீழே கிடப்பவரின் தலையில் உதைக்கக் கூடாது. விரலைத் தனியாகப் பிடித்து முறுக்கக் கூடாது, தலைமுடியைப் பிடிக்கக் கூடாது. இன்று உலகில் எங்கே எம்எம்ஏ நடந்தாலும் பெரும்பாலும் அந்தத் தொகுப்பையோ அதன் சாயலையோதான் பின்பற்றுகிறார்கள். 2000 நவம்பரில் யுஎஃப்சி நியூஜெர்சியில் இந்த விதிகளின்படி நிகழ்ச்சி நடத்தியது. ஆனால் அதற்குள் எஸ்இஜியின் கைக்காசு தீர்ந்துவிட்டது.

20 லட்சம் டாலருக்கு மூன்று எழுத்து

2001 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ராங்க், லோரென்சோ ஃபெர்டிட்டா சகோதரர்கள் யுஎஃப்சியை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். நடத்தும் பொறுப்பு அவர்களின் நண்பர் டேனா வைட்டுக்கு. புதுக் கம்பெனிக்கு ஸூஃபா என்று பெயர். இத்தாலிய மொழியில் கைகலப்பு என்று அர்த்தம். கையில் கிடைத்தது பெயரும் ஒரு பழைய கூண்டும்தான் என்று சொல்வார்கள். அந்த மூன்று எழுத்துகள்தான் மதிப்புள்ளவை என்பது லோரென்சோவின் கணக்கு. அவர் ஏற்கெனவே நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர். ஆணையங்கள் எதற்குப் பயப்படும், எதற்கு ஒப்புக்கொள்ளும் என்று உள்ளிருந்தே பார்த்தவர். அதே வருடம் நெவாடாவும் அனுமதி கொடுத்தது.

அனுமதி வந்தது, பணம் வரவில்லை. 2004 வாக்கில் நஷ்டம் 3 கோடி டாலரைத் தாண்டியது. யாராவது வாங்குவார்களா என்று பாருங்கள் என டேனா வைட்டிடம் லோரென்சோ சொன்னதும், மறுநாளே மனம் மாறியதும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த கதை.

கடைசி முயற்சியாக ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சி. பிக் பாஸ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸில் ஒரு வீடு, உள்ளே 16 வீரர்கள், டிவி கிடையாது, போன் கிடையாது. ஆனால் வெளியேற்றுவதற்கு ஓட்டு இல்லை, சண்டை. ஜெயிப்பவருக்கு யுஎஃப்சி ஒப்பந்தம். சேனல்கள் கைவிரித்தன. தயாரிப்புச் செலவு ஒரு கோடி டாலரைத் தாங்களே போடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் ஸ்பைக் டிவி இடம் கொடுத்தது. 2005 ஜனவரியில் ஒளிபரப்பு தொடங்கியது.

ஏப்ரல் 9, 2005. இறுதிச் சண்டை, இலவசமாக நேரலையில். ஃபாரஸ்ட் கிரிஃபின், ஸ்டீஃபன் போனர் என்ற இருவர். இருவருமே அன்றைக்கு உலகின் தலைசிறந்த வீரர்கள் அல்லர். ஆனால் மூன்று ரவுண்டும் ஓர் அடி பின்வாங்காமல் நின்று அடித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் நண்பர்களுக்கு போன் போட்டு 'உடனே டிவியைப் போடு' என்றார்களாம். கிரிஃபின் ஜெயித்தார். தோற்ற போனருக்கும் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்தத் தொடர் செய்த பெரிய வேலை அந்த ஒரு சண்டை மட்டும் இல்லை. வாரா வாரம் வீரர்களின் முகத்தையும் அழுகையையும் வீட்டு ஞாபகத்தையும் காட்டிக் காட்டி, 'கூண்டுக்குள் இருப்பது மிருகம் இல்லை, மனுஷன்' என்று அமெரிக்காவின் வரவேற்பறைகளுக்குப் புரியவைத்ததுதான் பெரிது. மெக்கெய்னுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

ஜப்பானின் ப்ரைட்

யுஎஃப்சி தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் உலகின் பெரிய மேடை வேறு ஒன்று. ஜப்பானின் ப்ரைட். 1997-இல் டோக்கியோ டோமில் தொடங்கியது. கூண்டு இல்லை, கயிறு கட்டிய வெள்ளை வளையம். முதல் ரவுண்டு பத்து நிமிடம். கீழே விழுந்தவரின் தலையில் உதைக்க அனுமதி உண்டு. அரங்கம் அரங்கமாகக் கூட்டம் வரும், அந்தக் கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒரு வீரர் தரையில் நுணுக்கமாகக் கையை நகர்த்தினால் அதற்கு மட்டும் 'ஓ' என்று ஒரு சத்தம் எழும். ரஷ்யாவின் ஃபெதோர் எமெலியானென்கோ அங்கேதான் ஜாம்பவானாக ஆனார்.

2006-இல், ப்ரைடுக்கும் யகூஸா என்ற ஜப்பானியக் குற்றக் கும்பல்களுக்கும் தொடர்பு என்று பத்திரிகையில் செய்திகள் வந்தன. ஃபூஜி டிவி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. டிவி போனால் பணம் போகும், பணம் போனால் வீரர்கள் போவார்கள். 2007-இல் ஃபெர்டிட்டா சகோதரர்கள் ப்ரைடை விலைக்கு வாங்கினார்கள். அத்தோடு ப்ரைட் முடிந்தது.

டபிள்யூஇசி, ப்ரைட், 2011-இல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ். போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஒரே கைக்கு வந்தன. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கியது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பெனியை வாங்கினால் ஆள் கிடைத்துவிடுவதில்லை. ஃபெதோர் கடைசி வரை யுஎஃப்சி கூண்டுக்குள் கால் வைக்கவே இல்லை. அவர் தரப்பு நிகழ்ச்சியைக் கூட்டாக நடத்தும் உரிமை கேட்டது, யுஎஃப்சி மறுத்துவிட்டது. எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்று மேலே சொன்னேனே, அந்த விஷயத்தில் அவர்கள் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் வழியாக வந்த செல்வங்களில் ஒன்று பெண்கள் பிரிவு. யுஎஃப்சியில் பெண்கள் ஒருபோதும் சண்டையிட மாட்டார்கள் என்று 2011-இல் டேனா வைட் சொல்லியிருந்தார். 2013 பிப்ரவரியில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வென்ற ரோண்டா ரௌஸி, கலிஃபோர்னியாவின் அனஹைமில் முதன்மைச் சண்டைக்காக நடந்து வந்தார்.

எல்லை தாண்டுவது எப்படி

ஒரு கம்பெனி வேறு நாட்டில் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தினால் மட்டும் அது சர்வதேச அமைப்பு ஆகிவிடாது. அந்த ஊர் ஆள் ஒருவர் ஜெயிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது இது.

அயர்லாந்துக்கு கானர் மெக்ரெகர். பிளம்பர் வேலை பழகி, அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர். 2015-இல் 13 வினாடியில் பெல்ட் வாங்கினார். சீனாவில் முதலில், 2019-இல், ஷாங்காயில் பெரிய பயிற்சி நிலையம் திறந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் ஜாங் வெய்லி 42 வினாடியில் ஜெயித்து, யுஎஃப்சியில் முதல் சீன சாம்பியன் ஆனார். அபுதாபி வேறு வழி. அங்கே 2010-லேயே அரசு நிறுவனம் ஒன்று கம்பெனியின் 10 சதவீதப் பங்கை வாங்கிவிட்டது. 2020-இல் கொரோனாவால் எல்லைகள் மூடிக்கிடந்தபோது, அமெரிக்காவுக்குள் வர முடியாத வீரர்களுக்காக அபுதாபியின் யாஸ் தீவில் தனிப் பாதுகாப்பு வளையம் போட்டு நிகழ்ச்சி நடத்தினார்கள். தாகெஸ்தான் மலைக் கிராமத்திலிருந்து வந்த கபீப் நுர்மகோமெடோவ் ரஷ்யாவையும் முஸ்லிம் நாடுகளையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். 2018 அக்டோபரில் அவரும் மெக்ரெகரும் மோதியதற்கு 24 லட்சம் பேர் காசு கட்டினார்கள். முதல் நிகழ்ச்சியின் 86,000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆசியாவில் இதே பாடத்தை வேறு மாதிரிப் படித்த கம்பெனி சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப். சாத்ரி சித்யோட்டோங்கும் விக்டர் குயியும் 2011-இல் தொடங்கியது. எம்எம்ஏவோடு முவே தாய், கிக் பாக்ஸிங்கையும் ஒரே மேடையில் வைத்தார்கள். 2017 ஜூனில் மியான்மரின் யாங்கோன் நகரில் ஆங் லா ன்சாங் சொந்த மக்கள் முன்னால் பெல்ட் ஜெயித்தார். அந்தக் காணொளி கிடைத்தால் பாருங்கள். கடைசி மணி அடித்த பிறகு அந்த அரங்கம் எழுப்பிய சத்தம், நான் இந்த விளையாட்டில் கேட்டவற்றிலேயே பெரியது.

ஒன் கம்பெனி செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் யாங் ஜியன் பிங் என்ற 21 வயது சீன வீரர், மணிலாவில் சண்டைக்கு முன் எடையைக் குறைக்கும்போது இறந்துபோனார். உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடைப்பிரிவுக்குள் நுழைவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம், மிக மோசமான வழக்கமும்கூட. அந்தச் சாவுக்குப் பிறகு ஒன் அதைத் தடை செய்து, உடம்பில் போதிய நீர் இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை வைத்தது. இதுவும் ஓர் உயிர் போன பிறகு வந்த விதிதான்.

நம் நாட்டுக் கதை இப்போதுதான் தொடங்குகிறது. 2017-இல் பாரத் கந்தாரே யுஎஃப்சியில் ஆடிய முதல் இந்தியர். 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துப் பெண் பூஜா தோமர் தன் முதல் சண்டையிலேயே ஜெயித்தார். யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அவரைப் போல் இன்னும் ஐந்தாறு பேர் வந்தால் ஞாயிறு காலைகள் வேறு மாதிரி இருக்கும்.

பணம் யார் கைக்குப் போகிறது

2016-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்க மாநிலங்களில் கடைசியாக அடம்பிடித்துக்கொண்டிருந்த நியூயார்க் தடையை நீக்கியது. நவம்பர் 12 அன்று, டென்வர் நிகழ்ச்சி நடந்து சரியாக 23 வருடம் கழித்து, புகழ்பெற்ற மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கூண்டு ஏறியது. அதற்குச் சில மாதம் முன்பு ஃபெர்டிட்டா சகோதரர்கள் கம்பெனியை ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு விற்றிருந்தார்கள். வாங்கிய விலையைப் போல 2,000 மடங்கு. 2023-இல் யுஎஃப்சியும், நாம் ட்ரம்ப் கார்டில் பார்த்த அந்த டபிள்யூடபிள்யூஈயும் டிகேஓ என்ற ஒரே கம்பெனியின் கீழ் வந்தன. 2025 ஆகஸ்டில் பாரமவுண்டோடு 770 கோடி டாலருக்கு ஏழு வருட ஒளிபரப்பு ஒப்பந்தம் அறிவித்தார்கள். அதன்படி 2026 முதல் அமெரிக்காவில் பே-பர்-வியூவே கிடையாது, மாதச் சந்தாவுக்குள் எல்லாம் அடக்கம். காசு கட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறையில் பிறந்த கம்பெனி அந்த முறையையே கைவிட்டது.

இதில் அடி வாங்கியவர்களுக்கு எவ்வளவு? அமெரிக்காவின் கூடைப்பந்து லீகில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, ஏனென்றால் அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. யுஎஃப்சி வீரர்களுக்குப் போனது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது நீதிமன்றத்தில் வந்த ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. 2014-இல் சில முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். போட்டிக் கம்பெனிகளை வாங்கியும், நீளமான தனியுரிமை ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டும், எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. முதலில் பேசிய சமரசத் தொகை போதாது என்று நீதிபதியே நிராகரித்தார். கடைசியில் 37.5 கோடி டாலர் சமரசத்துக்கு 2025 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. அந்த வீரர்கள் பக்கம்தான் என் மனம் நின்றது, இப்போதும் நிற்கிறது. யுஎஃப்சி இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கும், வீரரின் பங்கு இவ்வளவு சிறியதாக இருந்ததற்கும் காரணம் ஒன்றேதான்: போட்டி, ஒப்பந்தம், பெல்ட் மூன்றும் ஒரே கையில்.

பிரான்சிஸ் நெங்கானுவின் கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காமரூன் நாட்டின் பாட்டியே கிராமத்தில் சிறுவயதிலேயே மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்தவர். மொராக்கோ வழியாக ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டி, பாரிஸில் தங்க இடமில்லாமல் தெருவில் படுத்தவர். 2021 மார்ச்சில் யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். கம்பெனிக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் அவர் கேட்டவை வேறு. குத்துச்சண்டையிலும் ஆட அனுமதி வேண்டும், வீரர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பேச்சுவார்த்தையில் வீரர்கள் சார்பாக ஒருவர் உட்கார வேண்டும். உடன்பாடு வரவில்லை. சாம்பியனாக இருக்கும்வரை ஒப்பந்தம் தானாக நீளும் என்றொரு விதி உண்டு. அதன் கெடு முடியும்வரை அவர் பொறுத்திருந்தார். 2023 ஜனவரியில், பெல்ட்டை யாரிடமும் இழக்காமலே, சாம்பியனாகவே வெளியேறினார். குத்துச்சண்டையாக இருந்தால் பெல்ட் அவர் கூடவே போயிருக்கும். இங்கே அது கம்பெனியிடமே தங்கியது. மார்ச் மாதம் அதே பெல்ட்டுக்கு வேறு இருவர் மோதினார்கள். ஜான் ஜோன்ஸ் அதை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அக்டோபர் 28, ரியாத் நகரம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் நெங்கானுவின் முதல் நாள். எதிரில் நின்றவர் அதுவரை யாரிடமும் தோற்காத டைசன் ஃப்யூரி. மூன்றாவது ரவுண்டில் நெங்கானுவின் இடது கைக் குத்தில் ஃப்யூரி தரையில் விழுந்தார். பத்து ரவுண்டும் முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர்களில் ஒருவர் நெங்கானுவுக்கும், இருவர் ஃப்யூரிக்கும் கொடுத்தார்கள். அந்த ஓர் இரவில் அவருக்குக் கிடைத்த சம்பளம், யுஎஃப்சியில் எந்தச் சண்டைக்கும் அவர் வாங்கியதைவிடப் பல மடங்கு.